பின்வாசல் வழியாக ஒரு டிபன்

மயிலாப்பூர் பொன்னம்பல வாத்தியார் தெரு ஜன்னல் கடையில் நின்று பஜ்ஜி சாப்பிட்ட எல்லோருக்கும் இந்த ஆசை ஒருமுறையாவது வந்திருக்கும். ஜன்னலிலிருந்து ஒரு கை வரும், தட்டு வரும், சட்னி வரும். உள்ளே என்ன நடக்கிறது? எண்ணெய்ச் சத்தம் மட்டும்தான் நமக்கு. பள்ளிக்கூட நாளிலிருந்து எனக்கிருந்த ஏக்கம் போன வாரம் தீர்ந்தது! அந்த ஜன்னலுக்குப் பின்னால் அல்ல. நந்தனத்தில், எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி இருக்கும் ஒரு சின்ன மெஸ்ஸில். "பேர் மட்டும் போட்டுடாதீங்கம்மா, இருக்கிற கூட்டத்துக்கே மாவு பத்தல" என்று சொல்லி முதலாளி பின்கதவைத் திறந்துவிட்டார்.

நீங்களும் வாங்க. விடியற்காலை மணி நாலு. செருப்பை வெளியிலேயே விட்டுடுங்க. தரை ஈரம், பார்த்து.

உள்ளே நுழைந்ததும் அண்டா, அண்டாவுக்குப் பின்னால் அண்டா. ஒரு மூலையில் ஆவின் பால் கிரேட்டுகள் இடுப்பளவுக்கு. சுவரில் எண்ணெய் ஏறிப்போன முருகன் காலண்டர், அதன் ஆணியிலேயே யாருடைய சட்டையோ தொங்குகிறது. நேற்று மத்தியானம் அரைத்த இட்லி மாவு ராத்திரி முழுக்கப் பொங்கி விளிம்பைத் தொட்டு நிற்கிறது. சரக்கு மாஸ்டர் மூடியைத் திறக்கிறார். கரண்டி போடவில்லை, விரல் விடவில்லை. குனிந்து முகர்ந்து பார்க்கிறார், அவ்வளவுதான். "மார்கழியில இது சரியான தூங்குமூஞ்சி மேடம், சாக்கு போர்த்தி எழுப்பணும். சித்திரையில பாருங்க, நாம வர்றதுக்குள்ள எழுந்து உக்காந்திருக்கும்." பேத்தியைப் பற்றிப் பேசுகிற குரல்.

அடுத்தது ஆயா. பலகையில் உட்கார்ந்து, தண்ணீரில் ஊறிய சின்ன வெங்காயத்தை உரித்துத் தள்ளிக்கொண்டிருக்கிறார். சாம்பாருக்கு. ஊறப்போட்டால் கண் எரியாதாம். எனக்கோ தாரை தாரையாகக் கொட்டுகிறது. "புதுசா வர்றவங்க எல்லாரும் என்னைப் பார்த்ததும் அழுதுடுவாங்க கண்ணு!" அடுக்களையே சிரிக்கிறது. தினமும் சொல்கிற ஜோக்காக இருக்கும். ஆனாலும் தினமும் சிரிப்பார்கள் போல.

ஐந்தரைக்கு முதல் ஈடு இறங்குகிறது. இதைக் கிட்டத்தில் வந்து பாருங்க. தட்டைக் கவிழ்த்து, துணிமேல் ஒரு கை தண்ணீர் தெளித்து, ஓரத்திலிருந்து மெல்ல உரிக்கிறார் மாஸ்டர். இட்லியின் முதுகில் துணியின் நெசவு, இழை இழையாக அப்படியே பதிந்திருக்கிறது. மேஜையில் சாம்பார் ஊற்றிக்கொண்டு சாப்பிடும்போது நாம் இதைப் பார்ப்பதே இல்லை. 

தோசைக்கல் முன்னால் நிற்கிற தம்பி அசாமிலிருந்து வந்தவன். வந்து மூன்று வருஷம்தான், தமிழில் வம்பே இழுக்கிறான். தண்ணீரை விசிறுகிறான், சுர்ரென்று புகை. ஈர்க்குச்சித் துடைப்பத்தால் ஒரே வீச்சு. முதல் தோசையை யாருக்கும் கொடுப்பதில்லையாம், அவனே பிய்த்துத் தின்றுவிடுகிறான். "கல்லுக்கு இன்னும் கோபம் போகல அக்கா." மேலே மின்விசிறி இருக்கிறது, ஆனால் போடக் கூடாது. காற்றுப் பட்டால் அடுப்புத் தீ ஆடும். கழுத்துத் துண்டைப் பிழிந்தால் ஒரு டம்ளர் வேர்வை வரும், அப்படி நனைந்திருக்கிறது.

ஏழரை. அப்பப்பா! சப்ளையர்கள் வாசலில் தலையை நீட்டிக் கத்துகிறார்கள்: "ரெண்டு நெய் ரோஸ்ட், ஒண்ணு முறுவலா! ஒரு பொடி, வெங்காயம் வேணாம்! செட்டு ஒண்ணு, பெரியவருக்கு, மெத்துன்னு!" சீட்டு கிடையாது, எழுதுவது கிடையாது. தம்பி திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எட்டு தோசையும் எட்டு மேஜைக்குச் சரியாகப் போகின்றன. அந்தப் பக்கம் ஒரு சப்ளையர், "பொங்கல் ரெண்டே நிமிஷம் சார்" என்று சத்தியம் செய்துகொண்டிருக்கிறார். இந்தப் பக்கம் அரிசியும் பருப்பும் இப்போதுதான் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. மிளகு, சீரகம் இன்னும் டப்பாவைவிட்டே இறங்கவில்லை!

கூட்டம் கொஞ்சம் தணிந்தபோது மாஸ்டரிடம் கேட்டேன்: சென்னையில் எங்கே போய்ச் சாப்பிடுவது நல்லது? "எங்கேன்னு கேக்காதீங்க, எப்பன்னு கேளுங்க" என்றார். இட்லியா, ஏழுக்குள் வந்துவிட வேண்டும். பொங்கல் இறங்கி அரை மணிக்குள், அதன்பின் இறுகிவிடும். தோசைக்கு அவசரமே வேண்டாம், எட்டரைக்கு மேல் கல் பழகிய பிறகு வாங்க. வடைக்குக் கடிகாரம் உதவாது. ஜல்லிக்கரண்டி தட்டில் மோதும் சத்தம் கேட்டதும் கையைத் தூக்கிவிட வேண்டும்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றிப் பார்த்தேன், பலிக்கிறது! மயிலாப்பூர் அருண்டேல் தெருச் சந்துக்குள் இருக்கும் ராயர் மெஸ்ஸுக்கு வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்க. அந்தக் கெட்டி சட்னியைச் சுடச்சுட இட்லியோடு தொட்டுச் சாப்பிட வேண்டும். வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில் மாட வீதி முனையில் காளத்தி பத்திரிகைக் கடை; பேப்பர் விற்கிற இடத்தில் ரோஸ் மில்க், ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்பீர்கள். சாயங்காலம் ஜன்னல் கடை. ஒருநாள் கொஞ்சம் தூரம் போகலாம் என்றால் திருவல்லிக்கேணி ரத்னா கஃபே. 1948-லிருந்து இட்லியைச் சாம்பாரில் குளிப்பாட்டி அனுப்புகிறார்கள். ஜனவரியில் புத்தகக் காட்சி நம் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துக்கு வந்தால் மிளகாய் பஜ்ஜியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்க, புதுப் புத்தகத்தில் எண்ணெய்க் கை படக் கூடாது. உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் மட்டும் இல்லாதது இன்னும் மனசை அறுக்கிறது. 1962-இல் திறந்து 2008-இல் மூடினார்கள். அந்த அடுக்களையை ஒருநாள் எட்டிப் பார்த்திருக்கலாமே!

சரி, மெஸ்ஸுக்குத் திரும்புவோம். பத்தரை மணி. டிபன் முடிந்தது, சாப்பாட்டுக்கு உலை ஏறியாகிவிட்டது. கதவோரம் நிழலில் எல்லோரும் வட்டமாக உட்காருகிறார்கள். மாஸ்டர் இட்லி சாப்பிடுவாரா, தோசையா என்று ஆவலாகப் பார்த்தேன். ஒரு தூக்குச்சட்டி வந்தது, வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய சோறு. மோர் ஊற்றிப் பிசைந்தார். தம்பிக்கு ஒரு கவளம், எனக்கு ஒரு கவளம்.

ஆயா மடியிலிருந்து உரித்த சின்ன வெங்காயம் இரண்டை எடுத்து என் கையில் வைத்தார். "இது உனக்குன்னு எடுத்து வெச்சேன் கண்ணு. இப்ப அழாம கடி."