இரு கயிறும் ஒரு தேரும்

சிங்கப்பூரில் தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் காவடிகள், மூன்று கிலோமீட்டருக்கும் மேலான தூரம் சென்று டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயிலை அடைகின்றன. அவற்றுள் ரதக் காவடி என்று ஒன்று உண்டு. முதுகில் குத்திய கொக்கிகளில் கயிறு கட்டி, சக்கரம் வைத்த சிறு தேரைப் பக்தர் இழுத்துச் செல்வார். பார்க்கும் நமக்கே உடல் சிலிர்க்கும். அந்த முதுகு தாங்கும் இழுப்பு தேரின் எடையை மட்டும் பொறுத்ததன்று. கயிற்றின் சாய்வையும் பொறுத்தது.

கொக்கிகள் பல இருக்கும். கணக்குக்காக இரண்டு கயிறு என்றே வைத்துக்கொள்வோம். தேர் உருள முன்னோக்கி 12 கிலோ இழுப்பு தேவை. கயிறுகள் நேராக ஓடினால் ஒவ்வொன்றும் 6 கிலோ இழுத்தால் போதும். ஆனால் தேரின் முகப்பு அகலம், முதுகோ குறுகல். ஆகவே இரு மூலைகளிலிருந்தும் கயிறுகள் உட்புறமாகச் சாய்ந்து வருகின்றன.

ஒரு கயிற்றின் நீளம் 50 அங்குலம் என்போம். அது முன்னே 40 அங்குலமும் பக்கவாட்டில் 30 அங்குலமும் செல்கிறது. அதன் இழுப்பும் அதே விகிதத்தில் பிரியும்: ஐந்தில் நான்கு பங்கு முன்னோக்கி, ஐந்தில் மூன்று பங்கு பக்கவாட்டில். இவையே விசையின் கூறுகள். பக்கக் கூறுகள் இரண்டும் எதிரெதிராக இருப்பதால் ஒன்றையொன்று அழித்துவிடும். தேருக்கு அவற்றால் பயனில்லை, தோலுக்கோ வலி. முன்னோக்கி 12 கிலோ கிடைக்க ஒவ்வொரு கயிறும் ஏழரை கிலோ இழுக்க வேண்டும். கயிற்றை முப்பத்தேழரை அங்குலமாகக் குறைத்தால் 10 கிலோ! 78 அங்குலமாக நீட்டினால் ஆறரை கிலோதான்.

இரண்டு இழுப்பும் சமமில்லாதபோது என்ன ஆகும்? 50 அங்குலக் கயிறுகளையே எடுத்துக்கொள்வோம். வலக் கயிறு 10 கிலோவும் இடக் கயிறு 5 கிலோவும் இழுத்தால், முன்னோக்கி 8-ம் 4-ம் சேர்ந்து 12. பக்கவாட்டில் 6-இல் 3 போக, இடப்புறமாக 3 மிஞ்சும். 12-இன் வர்க்கம் 144, 3-இன் வர்க்கம் 9. கூட்டினால் 153, அதன் வர்க்கமூலம் சுமார் 12.4. மொத்த இழுப்பு 15 அன்று, 12.4 கிலோதான், அதுவும் சற்றே இடப்பக்கம் சாய்ந்து நிற்கும். இதைத் தொகுபயன் விசை என்பர்.

தோட்டத்தில் சாய்ந்த ரப்பர் மரத்தை இருவர் இரு கயிற்றால் இழுக்கும்போதும் இதே கணக்குத்தான். இருவரும் விலகி நிற்காமல் நெருங்கி நின்று இழுத்துப் பார்க்கட்டும்.