‘வரேன்’ என்பதற்கு ஸ்பானியத்தில் ‘போ’

போதல், வருதலைச் சொல்லும் ஸ்பானிய வினைகளில் தமிழர் பெரிதும் தடுமாறுவது ‘இர்’, ‘வெனிர்’ என்ற இரண்டில்தான். முன்னதற்குப் ‘போ’, பின்னதற்கு ‘வா’ என்று அகராதி பொருள் தருகிறது. பொருளில் பிழையில்லை, இரண்டும் ஆளும் எல்லைதான் வேறு.

கள்ளக்குறிச்சியில் இருக்கும் ஒருவர், கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் இருக்கும் அண்ணனைப் போனில் அழைத்தால், “நாளைக்கு வெள்ளிமலைக்கு வரேண்ணே” என்பார். அதே பயணத்தைப் பக்கத்து வீட்டுக்காரரிடம், “வெள்ளிமலைக்குப் போறேன்” என்பார். வழியும் பஸ்ஸும் ஒன்றே. கேட்பவர் மாறியதும் வினை மாறிவிட்டது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம் இதை விதியாகவே வகுத்திருக்கிறது: வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை. அன்றாடப் பேச்சின் இவ்வளவு நுட்பமான பழக்கத்தை அத்தனை பழைய இலக்கணம் கவனித்திருப்பது பெருமைக்குரியது.

ஸ்பானியம் முன்னிலைக்கு இந்த உரிமையைத் தருவதில்லை. பேசுபவர் இருக்கும் இடத்தை நோக்கிய அசைவுக்கு மட்டுமே பொதுவாக ‘வெனிர்’. அண்ணனிடம் பேசும்போதும் ‘இர்’ வினையின் ‘வொய்’, அதாவது ‘போகிறேன்’ என்றே சொல்ல வேண்டும்; ‘வெனிர்’ வினையின் ‘வெங்கோ’, அதாவது ‘வருகிறேன்’ என்றால் பிழை. வாசலில் யாரோ கூப்பிட, உள்ளிருந்து “இதோ வரேன்” என்று குரல் கொடுப்பதும் அங்கே ‘யா வொய்’தான். கட்டலான் மொழியோ இந்த இடத்தில் தமிழைப் போல ‘வா’வையே ஆள்கிறது, அதன் சாயல் கட்டலோனியா மக்களின் ஸ்பானியப் பேச்சிலும் உண்டு.

பொருளை எடுத்துச் செல்வதற்கும் இதே கணக்கு. “உங்களுக்குப் புளி கொண்டு வரேன்” என்று அண்ணனிடம் சொல்ல, ‘கொண்டு வா’ என்ற பொருளுடைய ‘த்ராயெர்’ உதவாது. ‘கொண்டு போ’ என்ற ‘யெவார்’ வேண்டும். அண்ணன் தம்பியிடம் “வரும்போது புளி கொண்டு வா” என்று கேட்டால் மட்டும் ‘த்ராயெர்’ பொருந்தும், பொருள் அவரிடம் வந்து சேர்வதால்.

விடைபெறுவது தனிக் கதை. “போறேன்” என்பது அபசகுனமாகப் படுவதால் தமிழர் “போயிட்டு வரேன்” என்கிறார்கள். ஸ்பானியர் ‘மெ வொய்’ என்பார்கள். ‘இர்செ’ என்ற இந்த வினை இருக்கும் இடத்தை விட்டுக் கிளம்புவதைச் சொல்கிறது, அதில் மங்கலக் குறைவு ஏதும் இல்லை.

ஸ்பானியம் கற்பவர்கள் வாக்கியத்தை மொழிபெயர்க்கும் முன் ஒன்றை மட்டும் பார்க்கட்டும்: அசைவு, பேசுபவர் இருக்கும் இடத்தை நோக்கியதா? இல்லையென்றால், கேட்பவர் எங்கிருந்தாலும், ‘இர்’, ‘யெவார்’ பக்கம் போவதே பாதுகாப்பு.