சமுதாயக் கல்லூரி: சேர்வதும் படித்து முடிப்பதும்

ஒரு வட்டாரத்தில் வாழும் மக்களுக்கு, அங்கேயே கிடைக்கக்கூடிய வேலைகளை மனத்தில் கொண்டு, குறைந்த கட்டணத்தில் குறுகிய காலப் படிப்புகளைத் தரும் கல்வி நிறுவனமே சமுதாயக் கல்லூரி. இங்கே மதிப்பெண்ணும் வயதும் பெரிய தடையாக வைக்கப்படுவதில்லை. பள்ளியை இடையில் விட்டவர், பன்னிரண்டாம் வகுப்பில் தேறியும் வழக்கமான கல்லூரியில் இடம் கிடைக்காதவர், திருமணத்துக்குப் பிறகு படிக்க விரும்பும் பெண்கள், பகலில் வேலைக்குப் போகிறவர்கள் என எவரும் சேரலாம். கதவு அகலமாகத் திறந்திருப்பதுதான் இக்கல்லூரியின் பெருமை. ஆனால் அந்தக் கதவு வழியே வந்தவர்களில் எத்தனை பேர் சான்றிதழோடு வெளியே போகிறார்கள் என்ற கேள்வி அதே அளவு முக்கியமானது. அது மிகக் குறைவாகவே கேட்கப்படுகிறது.

உலகில் இவ்வகைக் கல்லூரிகளில் முதலாவதாகச் சொல்லப்படுவது அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஜோலியட் நகரில் 1901ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கல்லூரி. இந்தியாவில் முதல் சமுதாயக் கல்லூரி தமிழ் மண்ணில்தான் பிறந்தது. புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1995இல் புதுச்சேரி இலாசுப்பேட்டையில் அதைத் தொடங்கியது. மறு ஆண்டு சென்னையில் ஒன்று உருவானது. அதன் பிறகு இயேசு சபைத் துறவி சேவியர் அல்போன்ஸ் போன்றோரின் முயற்சியால் இக்கருத்து தமிழ்நாடெங்கும் பரவியது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பல தொண்டு நிறுவனங்களின் சமுதாயக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தந்தது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2009இல் தனியாக ஒரு திட்டம் கொண்டுவந்தது. பின்னர் பல்கலைக்கழக மானியக் குழு, ஏற்கெனவே இயங்கும் கல்லூரிகளுக்குள்ளேயே சமுதாயக் கல்லூரிகளை அமைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அத்திட்டத்தில் ஆறு மாதத்துக்கு 30 கிரெடிட் பெற்றால் சான்றிதழ், ஓராண்டுக்கு 60 பெற்றால் டிப்ளமோ, ஈராண்டுக்கு 120 பெற்றால் மேல்நிலை டிப்ளமோ என்று படிகள் வகுக்கப்பட்டன.

சேர்ந்தவர் கணக்கும் முடித்தவர் கணக்கும்

உயர்கல்வியில் ஒரு மாநிலம் எங்கே நிற்கிறது என்பதைச் சொல்ல, மொத்தச் சேர்க்கை விகிதம் என்ற எண்ணைத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். 18 முதல் 23 வயது வரை உள்ள மக்கள்தொகையோடு கல்லூரிகளில் இருப்போர் எண்ணிக்கையை ஒப்பிட்டுச் சொல்லும் எண் இது. ஒன்றிய அரசின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி இந்திய அளவில் இது 28.4. தமிழ்நாட்டில் 47. புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில் 61.5. காரைக்காலும் இந்த 61.5க்குள் அடங்கியதே.

பெருமைப்படத் தக்க எண்தான். ஆனால் இது கல்லூரிப் பதிவேட்டில் இருப்பவர்களின் கணக்கு. வெளி மாநிலங்களிலிருந்து புதுச்சேரியின் மருத்துவ, பொறியியல் கல்லூரிகளுக்கு வந்து படிப்போரும் இதில் சேர்ந்துவிடுகிறார்கள். சேர்ந்து, பாதியில் நின்று, வீட்டுக்குப் போனவர் இதில் எங்கும் தெரியமாட்டார்.

முடித்தவர் கணக்கை எப்படி எடுப்பது? ஒரு கற்பனை வகுப்பை எடுத்துக்கொள்வோம். ஜூலையில் 60 பேர் சேர்கிறார்கள். முதல் பருவத் தேர்வை 54 பேர் எழுதுகிறார்கள். கடைசிப் பருவத்துக்கு 45 பேர் வருகிறார்கள். அவர்களில் 30 பேர் அரியர் இல்லாமல் தேறுகிறார்கள். கல்லூரி ஆண்டறிக்கையில் தேர்ச்சி 67 விழுக்காடு என்று அச்சாகும், ஏனெனில் அது 45க்கு 30 என்று கணக்கிடுகிறது. உள்ளே வந்த 60 பேரில் 30 பேர் என்று பார்த்தால் அது 50 விழுக்காடு. இரண்டு கணக்கும் பொய்யில்லை. ஆனால் முதல் கணக்கில் 15 பேர் காணாமல் போய்விட்டார்கள். அவர்களில் 6 பேர் முதல் பருவத் தேர்வுக்கே வரவில்லை என்பதுதான் ஒரு கல்லூரி முதலில் கவனிக்க வேண்டிய செய்தி.

நம் ஊரில் இன்னொரு வகை 'முடிக்காமை'யும் உண்டு. மூன்று ஆண்டும் வகுப்புக்கு வந்திருப்பார், நண்பர்களோடு பிரிவு விழாவில் புகைப்படமும் எடுத்திருப்பார். ஆங்கிலத் தாள் ஒன்றோ, துணைப்பாடக் கணிதமோ நின்றுபோயிருக்கும். அந்த ஒரு தாளுக்காக ஆண்டுக்கணக்கில் தேர்வுக் கட்டணம் கட்டுவார், பிறகு ஒருநாள் கட்டுவதை நிறுத்திவிடுவார். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அவர் பன்னிரண்டாம் வகுப்பு மட்டுமே முடித்தவர்.

ஆயத்தம் என்பது என்ன?

கல்லூரிப் படிப்புக்கு ஒரு மாணவர் ஆயத்தமாக இல்லை என்று ஆசிரியர்கள் சொல்லும்போது பெரும்பாலும் இரண்டைக் குறிப்பிடுகிறார்கள்: ஆங்கிலம், கணக்கு. இதற்கு வழக்கமான மருந்து, சேர்க்கை முடிந்ததும் நடத்தப்படும் பாலப் படிப்பு. இரண்டு வாரம் இலக்கணமும் அடிப்படைக் கணக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் பாடத்துக்குப் போய்விடுவார்கள். இதன் எளிய குறை, யாருக்குத் தேவையோ அவரே அப்போது வகுப்பில் இருக்கமாட்டார் என்பது. கலந்தாய்வு பல சுற்றுகளாக நடக்கும் இடத்தில், கடைசிச் சுற்றில் இடம் பெறுபவர் பாலத்தின் மறுபக்கத்தில்தான் வந்து இறங்குவார்.

அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகள் இதைவிடக் கடுமையான முறையைப் பல ஆண்டுகள் கையாண்டன. நுழையும்போதே ஒரு தேர்வு வைத்து, அதில் தேறாதவர்களைக் குறைதீர் வகுப்புகளில் உட்காரவைத்தார்கள். அவ்வகுப்புகளுக்குக் கிரெடிட் கிடையாது, கட்டணம் உண்டு. சிலருக்கு இப்படி மூன்று நிலைகள் அடுத்தடுத்து இருந்தன. 2010இல் கொலம்பியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தபோது, கணிதக் குறைதீர் வகுப்புகளுக்கு அனுப்பப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினரே அந்த வரிசையை முடித்திருந்தது தெரிந்தது. பலர் தோற்றதால் நிற்கவில்லை. ஒரு நிலையில் தேறியபின் அடுத்த நிலைக்குப் பெயர் கொடுக்கவே வரவில்லை. ஆயத்தப்படுத்துவதற்கென்று கட்டிய அறை, காத்திருப்போர் அறையாகிவிட்டது.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் ஒரு சோதனை செய்தது. குறைதீர் அல்ஜீப்ராவுக்கு அனுப்ப வேண்டிய மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரை நேராகக் கல்லூரி நிலைப் புள்ளியியல் வகுப்பில் உட்காரவைத்தார்கள், கூடவே வாரந்தோறும் ஒரு துணை வகுப்பு. 2016இல் வெளியான முடிவின்படி, அல்ஜீப்ராவில் தேறியவர்கள் ஏறத்தாழ 39 விழுக்காடு. கடினமானது என்று கருதப்பட்ட புள்ளியியலில் தேறியவர்கள் 56 விழுக்காடு. கலிபோர்னியா மாநிலம் 2017இல் சட்டமே இயற்றி, பள்ளி மதிப்பெண்ணைக் கருதாமல் மாணவர்களைக் குறைதீர் வகுப்புக்கு அனுப்புவதைக் கட்டுப்படுத்தியது.

தமிழ்நாட்டுச் சமுதாயக் கல்லூரிகளின் பாட அமைப்பை இதனோடு வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. அங்கே ஓராண்டு டிப்ளமோவில் முதலில் வாழ்க்கைத் திறன்கள், பேச்சுத் தொடர்பு, அடிப்படை ஆங்கிலம், கணினி. பிறகு தொழில் திறன். அடுத்து மருத்துவமனை, பணிமனை, அலுவலகம் போன்ற இடங்களில் நேரடிப் பயிற்சி. இறுதியில் வேலைக்கான தயாரிப்பு. இங்கே ஆயத்தம் படிப்பின் பகுதியாகவே இருக்கிறது, மாணவர் முதல் நாளிலிருந்தே கல்லூரி மாணவர்தான். ஏழைத் தொழில் மாணவர்களுக்கென்று உருவான இந்த ஏற்பாடு, கோடிக்கணக்கில் செலவிட்டு அமெரிக்கா பின்னாளில் கண்டுகொண்டதற்கு மிக அருகில் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. இதில் ஒரு குறையும் உண்டு. முதல் மாதங்களில் மட்டும் ஆங்கிலம் கற்பித்து, தொழிற்பாடம் வந்ததும் அதை நிறுத்திவிட்டால், செவிலியர் உதவிப் பயிற்சியில் இருக்கும் மாணவிக்கு மருந்துச் சீட்டைப் படிக்க வேண்டிய நேரத்தில் உதவி கிடைக்காது. அந்தச் சீட்டைப் படிப்பதே அவருக்கான ஆங்கில வகுப்பாக இருக்க வேண்டும்.

பாடத்துக்கு வெளியே இருப்பவை

படிப்பை முடிக்கவைத்ததற்கு வலுவான சான்றுள்ள திட்டங்களில் ஒன்று, அதே நியூயார்க் பல்கலைக்கழகம் 2007இல் தொடங்கியது. அதில் சேர்ந்தவர் முழுநேரம் படிக்க வேண்டும். பதிலுக்குக் கட்டணத்தில் மீதி விழும் தொகையைப் பல்கலைக்கழகம் ஏற்கும், பாடநூல் இலவசம், பேருந்துக்கும் ரயிலுக்கும் மாதப் பயண அட்டை. வகுப்பு நேரங்கள் சிதறாமல் ஒரே வேளையில் அமைக்கப்படும். 60 முதல் 80 மாணவர்களுக்கு ஓர் ஆலோசகர், மற்ற மாணவர்களுக்கோ 600 முதல் 1500 பேருக்கு ஒருவர். இதைக் குலுக்கல் முறையில் ஆராய்ந்தபோது, மூன்று ஆண்டுகளில் பட்டம் பெற்றவர்கள் திட்டத்தில் 40 விழுக்காடு, வெளியே 22 விழுக்காடு. மாணவர் ஒருவருக்கு ஆகும் செலவு கூடியது. ஆனால் பட்டம் பெற்றவர் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தால், ஒரு பட்டத்துக்கு ஆகும் செலவு குறைந்திருந்தது.

பயண அட்டை இந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். அட்டையை ஆலோசகரைச் சந்தித்து வாங்கிக்கொள்ளும்படி செய்திருந்தார்கள். பேருந்துக்குக் காசு வேண்டும் என்று வந்த மாணவர், கணக்கு புரியவில்லை என்பதையும் சொல்லிவிட்டுப் போவார்.

நம் பக்கத்தில் இதற்கு நெருங்கியது, தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டம். அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த மாணவியருக்கு, கல்லூரிப் படிப்பை முடிக்கும்வரை மாதம் 1000 ரூபாய். முன்பு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமணத்துக்கென வழங்கப்பட்ட உதவியே இப்படி மாற்றப்பட்டது. பணம் மாதாமாதம் வருவது, படிப்பை நிறுத்தினால் நின்றுபோவது என்ற இரண்டு விதிகளும் சேர்க்கையைவிட முடிப்பதையே குறிவைக்கின்றன. அம்மையார் வாழ்ந்த மூவலூர் மயிலாடுதுறைக்கு அருகே இருக்கிறது, காரைக்காலிலிருந்து தொலைவில்லை. ஆனால் எல்லைக்கோடு நடுவில் ஓடுகிறது. காரைக்கால் வேறோர் அரசின் கீழ் இருப்பதால் இத்திட்டம் இந்தப் பக்கம் வராது.

காரைக்காலின் நாள்காட்டி

2011 கணக்கெடுப்பில் இரண்டு இலட்சத்துச் சொச்சம் பேர் வாழ்ந்த காரைக்கால் மாவட்டம், புதுச்சேரி நகரிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தள்ளி, மயிலாடுதுறை, நாகப்பட்டினம் மாவட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. நாட்டின் முதல் சமுதாயக் கல்லூரி இருக்கும் அதே பிரதேசம் என்றாலும், இலாசுப்பேட்டைக்கு இங்கிருந்து தினமும் போய்வர முடியாது. அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, அவ்வையார் அரசு மகளிர் கல்லூரி, தொழிற்பயிற்சி நிலையம், பாலிடெக்னிக் ஆகியவையே இங்கு அந்த வேலையையும் சேர்த்துச் செய்கின்றன. தலத்தெருவில் வீடுள்ள மாணவிக்குக் கல்லூரி பக்கம். அம்பகரத்தூரிலிருந்தோ நெடுங்காட்டிலிருந்தோ வருபவருக்குப் பேருந்து நேரமே வகுப்பு நேரம். மாலை நான்கரை மணி வரை ஆய்வகம் என்று போட்டால் கடைசி நாற்பது நிமிடம் அவர் மனம் பேருந்து நிறுத்தத்தில் இருக்கும்.

இந்த ஊரின் ஆண்டும் கல்லூரியின் ஆண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். பருவத் தேர்வுக் கட்டணமும் புதிய சேர்க்கைக் கட்டணமும் வரும் மாதங்களில்தான் மீனவர் வீட்டில் வருமானம் நின்றிருக்கும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை பெய்யும். முதலாண்டு மாணவர் எழுதும் முதல் பருவத் தேர்வு அதற்குள் விழுகிறது, விடுமுறைகளால் பாடம் முடியாமல் இருக்கும். மழை ஓய்ந்து தை பிறந்தால் சம்பா அறுவடை. அப்போது விவசாயக் கூலி வீடுகளில் ஓர் ஆள் கூலி என்பது வகுப்பைவிடக் கண்ணுக்குத் தெரியும் வரவு.

இவற்றில் பலவற்றைப் பெரிய நிதி இல்லாமலேயே சரிசெய்யலாம். கட்டணத்தின் கடைசி நாளை ஜூலைக்குத் தள்ளலாம், இரண்டு தவணையாக வாங்கலாம். முதல் பருவத்தில் ஒரு வாரம் தொடர்ந்து வராதவரின் வீட்டுக்கு எட்டாம் நாள் யாராவது தொலைபேசியில் பேசலாம். வருகைப் பதிவு குறைந்துவிட்டது, அபராதம் கட்டு என்று பருவக் கடைசியில் சொல்வதைவிட இது மலிவு. ஆங்கிலத்தில் நின்றவருக்கு அடுத்த பருவத்திலேயே மாலை வகுப்பு வைக்கலாம்.

தேசியக் கல்விக் கொள்கை 2020 சொல்லும் பல்முனை வெளியேற்றமும் 2021இல் வந்த கல்விக் கிரெடிட் வங்கியும் இங்கே இருபக்கமும் கூர்மையான கத்தி. ஓராண்டில் விட்டவருக்குச் சான்றிதழ், ஈராண்டில் விட்டவருக்கு டிப்ளமோ, சேர்த்த கிரெடிட்டோடு பிறகு திரும்பி வரலாம் என்பது பிள்ளைப்பேற்றுக்காக நின்ற பெண்ணுக்கு உண்மையான வழி. அதே ஏற்பாட்டில், பணமில்லாமல் நின்றவரையும் 'சான்றிதழ் பெற்று வெளியேறியவர்' என்று எழுதிக் கணக்கை அழகாக்கிவிடவும் முடியும். எத்தனை பேர் வெளியேறினார்கள் என்பதோடு எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பதையும் கல்லூரி வெளியிட்டால்தான் வேறுபாடு தெரியும்.

பள்ளிப் பக்கத்திலும் மாற்றம் வந்திருக்கிறது. நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றிய புதுச்சேரி, காரைக்கால் அரசுப் பள்ளிகள் அண்மையில் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறின. இனிக் கல்லூரிக்கு வரும் மாணவர்கள் எதில் வலுவாக இருப்பார்கள், எதில் தடுமாறுவார்கள் என்பதைப் பழைய அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. முதல் பருவ மதிப்பெண்களைத் தாள் வாரியாக, பள்ளி வாரியாகப் பிரித்துப் பார்க்கும் வேலையைக் கல்லூரிகள் இந்தத் தொகுதிகளிலிருந்தே தொடங்கலாம்.