'எச்சார்' என்னும் இசுப்பானிய வினைச்சொல்

பிறமொழி கற்கப் புகுவோர் பெயர்ச்சொற்களால் அத்துணை இடர்ப்படுவதில்லை. இசுப்பானிய மொழியில் 'மேசா' மேசையையும் 'லிப்ரோ' நூலையும் குறிக்குமென ஒருமுறை உளங்கொண்டால் அதுவே அமையும். வினைச்சொற்களோ அத்தகையனவல்ல. நாடோறும் வழங்கும் எளிய வினைகளே பொருட்பெருக்கம் மிக்கனவாய் மாணாக்கரை மயக்குகின்றன. இதற்குச் சிறந்த சான்று 'எச்சார்' என்னும் வினையாகும்.

இச்சொல் இலத்தீன் மொழியின் 'இயாக்தாரே' என்பதன் வழிவந்தது. எறிதல், வீசுதல் என்பன அதன் பொருள்கள். இலத்தீனில் 'க்த்' என வரும் மெய்ம்மயக்கம் இசுப்பானியத்தில் 'ச்ச்' எனத் திரிதல் இயல்பு. எட்டு என்னும் பொருள்தரும் 'ஒக்தோ' என்பது 'ஒச்சோ' என ஆயினமையும் அவ்விதி பற்றியே.

முதற்கண் நேர்ப்பொருளை நோக்குவோம். கல்லை எறிதலும், குவளையில் நீர் வார்த்தலும், கஞ்சியில் உப்பிடுதலும், ஒருவரை வீட்டினின்றும் வெளியேற்றுதலும் இவ்வொரு வினையாற் கூறப்படும். இவையெல்லாவற்றிலும் ஒரு பொருளோ ஆளோ ஓரிடத்தினின்றும் பிறிதோரிடத்துக்குச் செலுத்தப்படுதல் பொதுவாய் நிற்கின்றது. ஆதலின் இவற்றை உணர்தல் அரிதன்று.

அடுத்து இலக்கணைப் பொருள். 'எச்சார் லா கூல்ப்பா' என்பது பிறர்மேற் குற்றம் சுமத்துதல். 'எச்சார் குவேந்தாஸ்' என்பது கணக்கிடுதல். 'எச்சார் ஊனா சியெஸ்தா' என்பது நண்பகலிற் சிறிது கண்ணயர்தல். 'எச்சார் லா யாவே' என்பது கதவைத் திறவுகோலாற் பூட்டுதல். எறிதற்கும் உறங்குதற்கும் யாது இயைபு எனத் திகைப்போர் தமிழிற் 'போடு' என்னும் வினையை நினைவுகூர்வாராக. பழி போடுகின்றோம், கணக்குப் போடுகின்றோம், குட்டித் தூக்கம் போடுகின்றோம், பூட்டுப் போடுகின்றோம், தபாற் பெட்டியிற் கடிதமும் போடுகின்றோம். இசுப்பானியர் இவ்வைந்திடத்தும் 'எச்சார்' என்பர். இவ்விரு மொழிகளும் ஓரினத்தனவல்ல. எனினும் கையால் இடும் தொழிலைக் கருத்துலகுக்கு விரித்துரைக்கும் முறையில் ஒத்து நடக்கின்றன.

ஒப்புமை எங்கணும் செல்லாது. 'எச்சார் ஆ' என்பதன்பின் வேறொரு வினை வருமாயின், அத்தொழில் திடீரெனத் தொடங்குதலைக் குறிக்கும். 'எச்சார் ஆ கொர்ரேர்' என்பது சட்டென ஓடத் தொடங்குதல். ஆயின் 'எச்சார் ஆ பெர்தேர்' என்பதை, 'பெர்தேர்' இழத்தலைக் குறிப்பதாற், சட்டென இழக்கத் தொடங்குதல் எனக் கொள்வது பிழை. அது பாழாக்குதல் என்னும் பொருளது. விதியறிந்தாரும் வழக்கறியாவிடத்து வழுவுவர் என்பதற்கு இஃதொன்றே போதும்.

இவற்றுள் மிக நுண்ணியது 'எச்சார் தே மேனோஸ்' என்னும் தொடர். 'மேனோஸ்' குறைவு எனப் பொருள்படும். 'தே எச்சோ தே மேனோஸ்' என ஒருவர் மடல் தீட்டினால், அகராதியை மட்டுமே துணைக்கொண்ட மாணாக்கன் 'உன்னைக் குறைவாக எறிகின்றேன்' எனக் கொண்டு மனம் வருந்தவுங் கூடும். உண்மையில் அது 'உன்னைக் காணாது ஏங்குகின்றேன்' என்னும் அன்புரை. இத்தொடர் காணுதலைக் குறிக்கும் 'அச்சார்' என்னும் போர்த்துக்கேய வினையொடு கூடிய தொடரினின்றும் வந்து, ஒலியொப்புமையால் 'எச்சார்' எனத் திரிந்தது என்பர் மொழிநூலார். ஒருவரது இன்மையைக் காண்டலே ஏக்கமாயிற்று. எறிதற்பொருளை இங்கே தேடுவது வீண்முயற்சியாம்.

எழுத்திலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். 'எறிகின்றேன்' எனப் பொருள்படும் 'எச்சோ' என்பதும், 'செய்யப்பட்டது' எனப் பொருள்படும் 'எச்சோ' என்பதும் ஒலியால் ஒன்றே. பின்னையதன் முதலில் 'ஆச்சே' என்னும் ஒலியா எழுத்து நிற்கும், முன்னையதில் நில்லாது. இசுப்பானியச் சிறாரும் இதனிற் பிழைபடுவர்.

ஆகவே இத்தகைய வினைகளைக் கற்போர் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என மனனஞ் செய்தலை விடுத்து, முதலில் நேர்ப்பொருளைத் தெளிந்து, அதனின்றும் விரிந்தவற்றை நிரல்பட அறிந்து, விதிக்கு அடங்காதவற்றைத் தொடராகவே உளங்கொள்ளல் வேண்டும். அகராதி பொருளைத் தரும். எப்பொருள் எவ்விடத்துக்கு உரியது என்பதை வழக்கே தெளிவிக்கும்.