செடி இல்லாத பூந்தோட்டம்

தோட்டம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பால்மரமும் செம்பனையும்தான். வாசலில் நாலு செடி வைத்திருந்தால் அதைப் பூந்தோட்டம் என்று தனியாகச் சொல்லுவோம். ஆனால் வாசகர்களே, ஒரு செடியோ புல்லோ இல்லாத இடத்தையும் பூந்தோட்டம் என்று அழைக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா?

அமெரிக்காவில் நியூ ஹேவன் நகரிலுள்ள யேல் பல்கலைக்கழகத்தில் அது இருக்கிறது. அரிய நூல்களைக் காக்கும் பெய்னிக்கி நூலகம் அங்கே 1963-இல் திறக்கப்பட்டது. அதன் வாசிப்பறை தரைக்குக் கீழே இருப்பதால், வெளிச்சம் வருவதற்காகத் திடலில் ஒரு முற்றம் பள்ளமாக இறக்கி விடப்பட்டது. பினாங்கிலும் மலாக்காவிலும் பழைய கடைவீடுகளின் நடுவே வானம் தெரியும் முற்றம் இருக்குமே, அந்த வேலையைத்தான் இதுவும் செய்கிறது.

முற்றத்தை அமைக்கும் பொறுப்பு இசாமு நோகுச்சி என்ற சிற்பியிடம் வந்தது. நடுவில் ஒரு சிலை, சுற்றிலும் பூந்தொட்டி என்று முடித்திருக்கலாம். அவரோ முற்றம் முழுவதையுமே ஒரே சிற்பமாக ஆக்கிவிட்டார்! தரையும் வெள்ளைப் பளிங்கு, அதன்மேல் உள்ளவையும் வெள்ளைப் பளிங்கு. தரையில் கோலம் போட்டதுபோலக் கோடுகள் ஓடுகின்றன. மூன்று உருவங்கள், பீடம் இல்லாமல், தரையிலிருந்தே முளைத்தவைபோல நிற்கின்றன. கூர்நுனிக் கோபுரம் பூமியைக் குறிக்கிறது. நடுவில் துளையுள்ள வட்டம் சூரியன். ஒற்றை மூலையில் நிற்கும் கனசதுரம், உருட்டிய தாயக்கட்டையைப்போல, வாழ்வில் தற்செயலாய் நேர்வதைக் குறிக்கிறது. படத்தில் பார்த்தவரை, எனக்குப் பிடித்தது அந்த வட்டம்தான்.

உள்ளே யாரும் இறங்கி நடக்க முடியாது. மேலே திடலிலிருந்தோ, கீழே கண்ணாடிக்குப் பின்னாலிருந்தோதான் பார்க்கலாம். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மரமோ மனிதனோ அருகில் இல்லாதபோது, எது பெரிது, எது சிறிது என்று கண்ணுக்கு அளவு பிடிபடாது. சிறு முற்றமும் எல்லையற்ற வெளியாகத் தோன்றும். வெயில் நகர நகர நிழல் வேறு கோலம் போடும்.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? ஜப்பானியக் கோயில்களில் மணலைக் குவித்து அழகுசெய்வார்கள், தொடக்கம் அது. பிறகு இந்தியாவில் அவர் கண்ட ஜந்தர் மந்தர் மனத்தில் புகுந்துகொண்டது. 18-ஆம் நூற்றாண்டில் அரசர் ஜெய்சிங் டில்லியிலும் ஜெய்ப்பூரிலும் எழுப்பிய வானாய்வுக்கூடங்கள் அவை. வீட்டைவிட உயரமான படிக்கட்டுகளும் வளைவுகளும் நிழலை வைத்து நேரம் காட்டும். அரசர் கணக்குக்காகக் கட்டியதில் சிற்பி வடிவத்தைக் கண்டார்.

நோகுச்சி 1904-இல் பிறந்தவர். தந்தை ஜப்பானியர், தாய் அமெரிக்கர். இரு நாட்டிலும் அவரை முழுக்கத் தம்மவராக யாரும் கொள்ளவில்லை. போர்க்காலத்தில், 1942-இல், அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சத்தாரை முள்வேலி முகாம்களில் அடைத்தார்கள். நியூயார்க்கில் இருந்த அவர் போகவேண்டிய கட்டாயம் இல்லை. ஆனாலும் அரிசோனா பாலைவனத்திலிருந்த முகாமுக்குத் தாமாகவே போய், அடைபட்டவர்களுக்காகப் பூங்காக்களும் விளையாட்டுத் திடல்களும் வரைந்தார். ஒன்றுகூடக் கட்டப்படவில்லை. சொந்த மண் இல்லாதவர்களுக்கும் கண்ணுக்கு இதமான இடம் வேண்டும் என்பது அவர் எண்ணம். நம் லயத்து அம்மாக்கள் மைலோ டின்னில் ரோசாச்செடி வைத்ததும் இதற்காகத்தானே?

பளிங்குக்கு நாம் எங்கே போவது! வேண்டாம். உங்கள் வாசலில் எங்கே உட்கார்ந்து தேநீர் குடிக்கிறீர்களோ, அந்த இடத்திலிருந்து பாருங்கள். பலநிறத் தொட்டிகளை ஒதுக்கிவிட்டு, ஆற்றுக் கல் மூன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று பெரியது, ஒன்று தட்டையானது, ஒன்று உருண்டை. கூட்டிய மண்ணில் அடிப்பாகம் சற்றுப் புதையும்படி, இடைவெளி விட்டு வையுங்கள். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை நிழல் விழும் பக்கத்தைப் பார்த்துவிட்டு, தேவையானால் ஒரு சாண் நகர்த்துங்கள். கோழி வந்து ஏறி நின்றால் விரட்டாதீர்கள், அதுவும் அழகுதான்.