உப்புக் காற்றும் எட்டாம் தலைமுறையும்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலோ சிதம்பரம் கீழ வீதியிலோ பழைய லேப்டாப் விற்கிற கடையில் வழக்கமாக நடக்கிற பேச்சு இது. அப்பாவும் மகளும் வந்திருப்பார்கள். கடைக்காரர் கறுப்பு லேப்டாப் ஒன்றைத் துடைத்து மேசைமேல் வைப்பார்.

"ஐ7 சார். கம்பெனியில ஓடின மாடல். பன்னெண்டாயிரத்துக்கு ஐ7 வேற எங்கயும் கிடைக்காது."

அப்பா மகளைப் பார்ப்பார். அவள் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்பாள்: "அண்ணா, இது எத்தனாவது ஜெனரேஷன்?"

பாதிப் பேரம் அந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடுகிறது. பழைய லேப்டாப்பின் வயதை அது கடையில் விற்ற வருஷத்தை வைத்து எண்ணக் கூடாது. எண்ண வேண்டியது இரண்டு கணக்கு. ஒன்று, அதற்குள் இருக்கும் சில்லு எந்தத் தலைமுறை என்பது. இன்னொன்று, கடலோரத்து ஈரமும் வெள்ளமும் அதை எவ்வளவு தின்றிருக்கின்றன என்பது. முதல் கணக்கு உலகத்துக்கெல்லாம் பொது. இரண்டாவது கடலூர்க்காரர்களுக்கென்றே எழுதப்பட்டது.

இந்த மாவட்டத்துக்குப் பழைய லேப்டாப் புதிய விஷயமில்லை. 2011 செப்டம்பர் 15 அன்று முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். மாநில அரசின் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்து கொடுத்தது. அடுத்த சில ஆண்டுகளில் தமிழகம் முழுக்க 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாணவர் கைக்குப் போயின. முதலில் வந்தவற்றில் 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க். விண்டோஸோடு சேர்த்து, சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளமும் அதில் இருந்தது. குடும்பத்தில் முதன்முதலாகக் கணினியைத் தொட்டவர் அந்த மடிக்கணினி வாங்கிய அக்காவாகவோ அண்ணனாகவோ இருந்த வீடுகள் இங்கே ஏராளம். அந்த லேப்டாப் இன்னும் பீரோ மேல் துணிப்பையில் இருக்கும். இப்போது தம்பிக்குக் கணினி தேவைப்படும்போது அதைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்குப் போவார்கள். "இதைச் சரி பண்ணலாமா, இல்ல பழசா ஒண்ணு வாங்கிடலாமா?"

இந்தக் கேள்விக்கான அளவுகோலை அரசாங்கமே கொடுத்திருக்கிறது. 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி என்று அறிவித்தார்கள். 2026 ஜனவரியில் மடிக்கணினி வழங்குவது தொடங்கியது. அதற்கான டெண்டரில் கேட்டது ஐ3 அல்லது ரைசன் 3 வகைச் சில்லு, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. லட்சக்கணக்கில் வாங்கும்போது, செலவைக் குறைக்க எல்லாக் காரணமும் இருக்கும்போதே, இதற்குக் கீழே இறங்கவில்லை. கடையில் கைக்காசு கொடுத்து வாங்குகிறவரும் இதற்குக் கீழே இறங்கத் தேவையில்லை. அரசு கல்லூரியில் சேரப்போகும் பிள்ளை வீட்டில் இருந்தால், அவசரப்பட்டுப் பழையதை வாங்குவதற்கு முன் கல்லூரியில் ஒரு வார்த்தை விசாரித்துவிடுவது நல்லது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தொலைதூரக் கல்வியில் படித்துக்கொண்டே வேலைக்குப் போகிறவர், மளிகைக் கடைக் கணக்கு எழுதுகிறவர், போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர், இவர்களுக்குத்தான் செகண்ட் ஹேண்ட் சந்தை உண்மையில் உதவுகிறது.

தலைமுறைக்கு வருவோம். இன்டெல் சில்லின் பெயரில், சிறு கோட்டுக்குப் பிறகு வரும் எண்ணின் முதல் இலக்கம்தான் தலைமுறை. ஐ5-7200யு என்றால் ஏழாவது. ஐ5-8250யு என்றால் எட்டாவது. பத்துக்கு மேல் போனால் முதல் இரண்டு இலக்கங்களைப் பார்க்க வேண்டும்: ஐ5-10210யு பத்தாவது, ஐ3-1115ஜி4 பதினொன்றாவது. ஐ3, ஐ5, ஐ7 என்பவை ஒரே தலைமுறைக்குள் இருக்கும் தரவரிசை மட்டுமே. தலைமுறை மாறினால் அந்த வரிசை உடைந்துவிடும். மேலே கடைக்காரர் காட்டியது ஐ7-4600யு என்று வைத்துக்கொள்வோம். 2013இல் வந்த நான்காம் தலைமுறை அது. 2020இல் வந்த ஐ3-1115ஜி4க்கும் அதைப் போலவே இரண்டு கோர்தான். ஆனாலும் அந்த ஐ3 வேகத்தில் இதைத் தாராளமாக முந்தும், அதே வேலைக்குக் கரண்டையும் குறைவாக எடுக்கும். மேலே ஒட்டியிருக்கும் ஐ7 ஸ்டிக்கருக்குக் காசு கொடுப்பது ஏமாறுவதற்குச் சமம்.

ஏன் எட்டாவது தலைமுறையில் கோடு போடுகிறோம்? இரண்டு காரணம். 2017 ஆகஸ்டில் எட்டாம் தலைமுறை வந்தபோது, சாதாரண லேப்டாப்பின் ஐ5 சில்லில் இரண்டாக இருந்த கோர் நான்கானது. ஐந்தாறு ஆண்டுகளாக மெல்ல மெல்ல நகர்ந்த வேகம் அந்த ஒரே வருஷத்தில் ஒரு தாவு தாவியது. அடுத்த காரணம் மைக்ரோசாஃப்ட். 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11, இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அதிகாரபூர்வமாக ஏறும். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். ஏஎம்டி லேப்டாப் என்றால் ரைசன் 3000 வரிசையிலிருந்து பார்க்கலாம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. வீட்டு உபயோகத்துக்கென்று மைக்ரோசாஃப்ட் அறிவித்த ஓராண்டுக் கூடுதல் பாதுகாப்பும் 2026 அக்டோபர் 13 வரைதான். ஏழாம் தலைமுறை லேப்டாப் அதற்குப் பிறகும் ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிற ஓட்டைகளை அடைக்க ஆள் இருக்காது. ஜிபே, நெட் பேங்கிங், பட்டாவுக்கும் சான்றிதழுக்கும் விண்ணப்பம் என்று எல்லாம் செய்கிற கணினியில் அது சின்ன விஷயம் இல்லை.

"அதிலயும் விண்டோஸ் 11 ஏத்தித் தரேன் சார்" என்று சொல்கிறவர்கள் உண்டு. குறுக்கு வழியில் ஏற்ற முடியும் என்பது உண்மைதான். அப்படி ஏற்றினால் அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் பொறுப்பேற்பதில்லை. விலையில் அந்த அபாயத்துக்கு ஒரு கழிவு கேட்பது நியாயம்.

இப்போது கடலூர்க் கணக்கு.

லேப்டாப்புக்குள் ஒரு சின்ன விசிறி இருக்கிறது. அடியில் காற்றை இழுத்து, சூட்டை வாங்கிக்கொண்டு, பக்கவாட்டில் துப்புகிறது. தேவனாம்பட்டினத்திலோ பழைய நகரத்திலோ நாலைந்து வருஷம் ஓடிய லேப்டாப் அத்தனை நாளும் கடற்காற்றைத்தான் மூச்சாக இழுத்திருக்கிறது. அந்தக் காற்றில் உள்ள உப்பு போர்டின் மேல் மெல்லிய படலமாகப் படிகிறது. மழைக்காலத்தில் அந்தப் படலம் ஈரத்தை உறிஞ்சும். உப்பும் ஈரமும் மின்சாரமும் சேர்ந்தால் உலோகம் கரையும். செம்பு பச்சையாகும், திருகாணியின் பூச்சு வெள்ளைப் பொடியாகும், அடியில் இருக்கும் இரும்பு பழுப்பாகும்.

அதனால் இங்கே லேப்டாப் வாங்குகிறவர் முதலில் மூடியைத் திறக்கக் கூடாது, கவிழ்த்துப் போட வேண்டும். அடிப்பக்கத்துத் திருகாணிகளின் தலையை மொபைல் டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். நட்சத்திரப் பள்ளத்துக்குள் துரு தெரிகிறதா? பத்துத் திருகாணியில் எட்டு மங்கலாகவும் இரண்டு மட்டும் பளபளவென்றும் இருந்தால், அது யாரோ திறந்த லேப்டாப். ஏன் திறந்தார்கள் என்று கேட்கலாம், ரேம் மாற்றியிருந்தால் தப்பில்லை. அடுத்து யுஎஸ்பி துளை. உள்ளே தெரியும் உலோக நாக்குகள் தங்க நிறத்தில் சுத்தமாக இருக்க வேண்டும். பச்சைப் பொட்டு ஒன்று தெரிந்தாலும் போர்டில் அதற்கு அண்ணன் தம்பிகள் இருப்பார்கள். பிறகு விசிறி காற்று விடும் இடத்தில் மூக்கை வைத்து மோந்து பார்க்கலாம். வெள்ளத்தில் நனைந்து காய்ந்த பொருளுக்குச் சேற்று வாடை போகவே போகாது.

இது மிகையான பயம் அல்ல. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. 2015 நவம்பர், டிசம்பர் மழையில் மாவட்டத்தின் பெரும்பகுதி தண்ணீரில் நின்றது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையும் சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணையில் வந்தபோது கரையோர ஊர்களில் வீட்டுக்குள் ஆறு புகுந்தது. அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த லேப்டாப்பைக் காயவைத்து, ஆன் ஆனதும் விற்றுவிட்ட வீடுகள் இல்லாமலா இருக்கும்? நனைந்த போர்டு சிக்கலானது. பெரிய சில்லுகளுக்கு அடியில் தேங்கிய ஈரம் வெயிலில் காயாது. இரண்டு மாதம் நன்றாக ஓடும். ஒருநாள் சார்ஜ் போட்டதும் ஷார்ட் ஆகி நின்றுவிடும். போர்டு போனால் பழைய லேப்டாப்பைச் சரிசெய்கிற செலவு பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

திருகாணியைத் தாண்டினால் மற்ற சோதனைகளுக்குக் கால் மணி நேரம் போதும். கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து பேட்டரி ரிப்போர்ட் எடுத்துத் தரச் சொல்லலாம், விண்டோஸிலேயே அந்த வசதி இருக்கிறது. அதில் பேட்டரி புதிதாக இருந்தபோது எவ்வளவு தாங்கியது, இப்போது எவ்வளவு தாங்குகிறது என்று இரண்டு எண் வரும். 50,000 என்பது 27,000 ஆகியிருந்தால் பாதிதான் மிச்சம். நோட்பேடில் எல்லா எழுத்தையும் ஒருமுறை தட்ட வேண்டும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து யூடியூப் வீடியோ ஒன்றைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, விசிறி அலறுகிறதா, திரையில் கோடு வருகிறதா என்று கவனிக்க வேண்டும். டச்பேட் மேடாக உப்பியிருந்தால் அடியில் பேட்டரி வீங்கியிருக்கிறது என்று பொருள். அதைச் சார்ஜில் போடவே கூடாது.

சென்னை ரிட்சி தெருவிலிருந்தும் மொத்த வியாபாரிகளிடமிருந்தும் இந்த ஊர்களுக்கு வருகிறவை பெரும்பாலும் கம்பெனிகள் கழித்துவிட்ட லேப்டாப்கள். டெல் லாட்டிட்யூட், ஹெச்பி எலைட்புக், லெனோவோ திங்க்பேட். இவை நல்ல சரக்குதான். அலுவலகத்து ஏசி அறையில் ஓடியவை, கீலும் உடம்பும் உறுதி, உதிரி பாகம் கிடைக்கும். 2018இல் வந்த திங்க்பேட் டி480 எட்டாம் தலைமுறை, வெளியிலிருந்தே கழற்றி மாற்றும் பேட்டரி, ரேமுக்கு இரண்டு இடம். இன்றைக்கும் நம்பி வாங்கலாம். கம்பெனி லேப்டாப்பில் மட்டும் வருகிற தொல்லை ஒன்று உண்டு. பழைய கம்பெனி தன் கணக்கிலிருந்து அதை விடுவிக்காமல் இருக்கலாம். ரீசெட் செய்ததும் யாரோ ஒரு நிறுவனத்தின் பெயரைக் காட்டி, அதன் இமெயிலும் பாஸ்வேர்டும் கேட்கும். பயாஸுக்குப் பாஸ்வேர்டு போட்டிருக்கவும் வாய்ப்புண்டு. அதனால் கடையிலேயே, கண் முன்னால், இணையத்தோடு சேர்த்து ஒருமுறை ரீசெட் செய்து காட்டச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அரசு முத்திரை பதித்த மடிக்கணினி விற்பனைக்கு வந்தால் தொடாமல் விட்டுவிட வேண்டும். அது மாணவருக்குக் கொடுத்தது, விற்பதற்கானதல்ல.

விலைக் கணக்கில் இப்போது ஒரு மாற்றம் வந்திருக்கிறது. முன்பெல்லாம் "4 ஜிபியா, பரவாயில்ல, ரேம் போட்டுக்கலாம்" என்று வாங்குவார்கள். செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறிவிட்டது. அதனால் 8 ஜிபி ஏற்கெனவே இருப்பதை வாங்குவதே லாபம். லேப்டாப்பின் விலை, மாற்ற வேண்டிய பேட்டரி, எஸ்எஸ்டி எல்லாம் கூட்டி, அதே வேலைக்கான புது லேப்டாப் விலையில் பாதியைத் தாண்டினால் எழுந்து வந்துவிடலாம். புதியதில் ஒரு வருஷ வாரண்டியாவது இருக்கும்.

பீரோ மேல் இருக்கும் அந்தப் பழைய அரசு மடிக்கணினி? அதற்கும் ஒரு வழி இருக்கிறது. அது மெதுவாக இருப்பதற்கு முதல் காரணம் ஹார்டு டிஸ்க். சுழலும் தட்டில் ஊசி நகர்ந்து நகர்ந்து எடுக்கிற அந்தக் காலத்து முறை. ஒரு சிறிய எஸ்எஸ்டி போட்டு, 4 ஜிபி ரேமாவது இருந்தால், லினக்ஸ் மின்ட் ஏற்றிப் பார்க்கலாம். தமிழ்99 தட்டச்சு அதிலேயே கிடைக்கும், லிப்ரே ஆஃபீஸில் கடிதமும் கணக்குத் தாளும் செய்யலாம். பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் கணினி கற்றுக்கொடுக்கின்றன. டேலியில் கணக்கு எழுதுகிறவருக்கு மட்டும் இது ஒத்துவராது, டேலிக்கு விண்டோஸ் வேண்டும். 2 ஜிபியோடு நிற்கிற முதல் வருஷத்து மடிக்கணினி என்றால் செலவு செய்யாமல் விட்டுவிடலாம். அதைக் காயலான் கடையில் எடைக்குப் போடாமல், மின்கழிவு வாங்குகிற இடத்தில் கொடுத்தால் பேட்டரி தீப்பிடிக்காமல் போய்ச் சேரும்.

கடைக்கே திரும்புவோம். ஜெனரேஷன் கேட்ட மகளுக்குக் கடைக்காரர் உள்ளேயிருந்து வேறொன்றை எடுத்துவந்து காட்டுகிறார். எட்டாம் தலைமுறை ஐ5. கொஞ்சம் விலை கூட. அவள் கவிழ்த்துப் போட்டு டார்ச் அடித்துப் பார்க்கிறாள். திருகாணிகள் சுத்தமாக இருக்கின்றன. இனி அவள் கேட்க வேண்டியது பில். அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணை அதில் எழுதிவாங்க வேண்டும், திருட்டுப் பொருள் என்று நாளை யாராவது வந்தால் கையில் காட்ட அது ஒன்றுதான் இருக்கும். கூடவே, ஒரு மாதத்துக்குள் போர்டு போனால் மாற்றித் தருவதாக ஒரு வரி. "அதெல்லாம் எழுத மாட்டோம்மா, நம்பி எடுத்துட்டுப் போங்க" என்றால், நாலு கடை தள்ளி எழுதித் தருகிறவர் இருப்பார்.