இருப்புப் பதிவேடும் புதுக் கட்டமும்

சென்ற திங்கள் ஒரு சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடக் கோட்டைப்பட்டினம் சென்றிருந்தோம். அலுவல் முடிந்து புறப்படும் வேளையில் இளைஞர் ஒருவர் நம்மை அணுகினார். சேலத்துக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகத்தில் பட்டயம் பெற்றவர். நெசவாளர் சங்கமொன்றில் வடிவமைப்புக் குழுவை நடத்தும் பொறுப்பு அவருக்குப் புதிதாகக் கிடைத்திருக்கிறது. "ஐயா, 2020-இல் தாங்கள் ஒரு சங்கத்துக்குத் தனி அலுவலராக இருந்தீர்கள் அல்லவா? கெட்ட ஆண்டில் குழுவை எப்படி நடத்தினீர்கள்?" என்று கேட்டார். பேருந்து வந்துவிட்டபடியால் அரைகுறையாக ஏதோ சொல்லி வந்தோம். விடுபட்டதை இங்கே எழுதுகிறோம்.

அந்தச் சங்கம் கைலி நெய்யும் சங்கம். ஆண்டுதோறும் ரமலானுக்கு முன் கோட்டைப்பட்டினம் முதலிய கடற்கரை ஊர்களின் வணிகர்கள் வாங்கும் சரக்கே அதன் உயிர்நாடி. 2020-ஆம் ஆண்டு மார்ச் 25-இல் ஊரடங்கு வந்தது. பெருநாள் மே 25. கடைகள் அடைத்துக் கிடந்தன. சரக்கு கிடங்கில் தங்கியது. நூற்பாலைகளும் ஓடாமையால் புது நூல் வரவில்லை. தறிகளோ பாவுடன் நின்றன. குழுவில் ஐவர்: கட்டம் வரையும் ஓர் இளம்பெண், சாயக்காரர், பாவு போடுபவர், மாதிரி நெய்யும் முதியவர் இருவர். அவர்களுக்குத் தலைமை தாங்க நாம். நமக்கோ தணிக்கை தெரியுமேயன்றித் தறி தெரியாது.

முதலில் நாம் செய்தது பிழை. சும்மா இருந்தால் மனம் சோர்ந்துவிடும், வேலை கொடுத்தால் ஊக்கம் வரும் என்றெண்ணி, ஒரு மாதத்தில் முப்பது புதுக் கட்டங்கள் வேண்டும் என்று கேட்டோம். அந்தப் பெண் இரவும் பகலும் வரைந்து கொண்டுவந்தார். கண்ணைப் பறிக்கும் கட்டங்கள்தாம். அவற்றைப் பரப்பி வைத்து மகிழ்ந்துகொண்டிருந்தபோது முதிய நெசவாளர் ஒருவர், "ஐயா, இதில் பாதிக்கு மேல் வெள்ளை இழை. நம் கிடங்கில் வெள்ளை எங்கே இருக்கிறது? நூல் இல்லாத கட்டத்தை எதைக் கொண்டு நெய்வது?" என்றார். நாம் வாயடைத்துப் போனோம். கிடங்கின் நூல் இருப்புப் பதிவேட்டில் அந்த வாரந்தான் கையொப்பமிட்டிருந்தோம். இருந்தும் அதைக் கட்டத்தோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

மறுநாள் வரைபடங்களை ஒதுக்கிவிட்டுப் பதிவேட்டை நடுவில் வைத்து ஐவரையும் சுற்றி அமரச் செய்தோம். கரும்பச்சை மிகுதி, அரக்கு ஓரளவு, நீலம் கொஞ்சம், வெள்ளை மிகச் சொற்பம் என்று தெரிந்தது. இந்த நூலுக்குள், தறியில் ஏற்கெனவே ஏறியிருக்கும் பாவைக் கழற்றாமல், என்ன செய்யலாம் என்பதே அன்று முதல் கேள்வியாயிற்று.

நெசவு அறியாத உறுப்பினர்களுக்காக ஒரு விளக்கம். நீளவாக்கில் செல்லும் இழைகள் பாவு. குறுக்கே நாடா கொண்டு செலுத்தும் இழை ஊடை. கைலியின் அகலத்துக்குப் பாவிழை மூவாயிரத்துக்கு மேல் வரும். பாவை மாற்றுவதென்றால் அத்தனை இழைகளையும் ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். அந்த நேரத்துக்கு நெசவுக் கூலி இல்லை. ஊடையை மாற்றுவதற்கோ, நாடாவில் வேறு நிறத் தாரைப் போட்டால் போதும். பாவின் வரி அப்படியே இருக்க, ஊடை நிறங்களின் முறையையும் அளவையும் மாற்றினால் கட்டம் வேறாகிவிடும். தென்னந்தோப்பு வைத்திருப்போர்க்கு இது எளிதில் விளங்கும். மரத்தை ஆண்டுக்காண்டு மாற்ற இயலாது, ஊடுபயிரை மாற்றலாம். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வீசியபின், தப்பி நின்ற மரங்களுக்கிடையே எதை ஊன்றலாம் என்று நம் மாவட்டத்து விவசாயிகள் கணக்கிட்டது போலத்தான் நாங்களும் கணக்கிட்டோம். முப்பது கட்டங்களில் இருபத்தாறு கைவிடப்பட்டன; எஞ்சிய நான்கை ஊடை மாற்றத்தால் ஒன்பதாக்கினோம்.

இது நாம் கண்டுபிடித்த வழியன்று. கைத்தறிக்கு நெருக்கடி நேர்ந்த காலத்திலேயே இதன் விதை ஊன்றப்பட்டது. 1952-இல் அகில இந்தியக் கைத்தறி வாரியம் அமைந்தது. 1953-இல் அண்ணா முதலியோர் கைத்தறித் துணியைத் தெருவில் சுமந்து விற்றனர். அவ்வாண்டே ஆலைத்துணிக்குக் கெஜத்துக்கு 3 தம்பிடி வீதம் கூடுதல் தீர்வை விதித்து, அதைக் கொண்டு கைத்தறியை ஆதரிக்கச் சட்டம் வந்தது. பணம் மட்டும் போதாது, வடிவமும் வேண்டும் என்று கண்டு, 1956 முதல் சென்னை, மும்பை முதலிய நகரங்களில் நெசவாளர் சேவை மையங்களை நிறுவினர். புபுல் ஜெயகர் இதில் முன்னின்றார். ஓவியர் கே. ஜி. சுப்பிரமணியன் 1959 முதல் 1961 வரை வாரியத்தின் வடிவமைப்புப் பிரிவில் துணை இயக்குநராக மும்பையில் பணியாற்றினார். நம் தமிழகத்து ஓவியர் ஆதிமூலமும் இம்மையங்களில் பணிபுரிந்தவரே. அம்மையங்களின் சிறப்பு பெரிய ஓவியர்கள் வந்ததில் மட்டும் இல்லை. வரைபவர், சாயமிடுபவர், நெய்பவர் மூவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தனர். வரைபவர் காகிதத்தில் தவறினால் நெய்பவர் அன்றே சொல்லிவிடலாம். நம் சங்கத்தில் ஐவரும் அதே கூரையின் கீழ்தான் இருந்தனர். பேச இடம் கொடுக்காதவர் நாமே. அந்த வாரியம் 2020-இலேயே கலைக்கப்பட்டது. சென்னை, காஞ்சிபுரம், சேலம் மையங்கள் நீடிக்கின்றன. இளைஞர் அவற்றின் படியேறத் தயங்க வேண்டாம்.

இனி, கட்டத்தை யாருக்காக அமைப்பது என்ற கேள்வி. கோட்டைப்பட்டினத்து வணிகர் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டோம். "தம்பி, கடலுக்குக் கட்டிப் போவது விசைத்தறிக் கைலி. அதோடு நீங்கள் விலையில் மோத முடியாது. கரையேறிக் குளித்துவிட்டுப் பள்ளிக்குப் போகக் கட்டுவதுதான் உங்கள் கைலி. கரும்பச்சை என்றால் எடுப்பார்கள். ஆனால் இப்போது அனுப்பாதீர்கள், யார் கையிலும் காசில்லை" என்றார். லுங்கி, கைத்தறிக்கென 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒதுக்கப்பட்ட வகைகளுள் ஒன்று என்பதை அவருக்கு நினைவூட்ட நினைத்தோம், பிறகு பேசாதிருந்தோம். கடைத்தெருவை அவர் அறிவார். 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் அவ்வாண்டு 47 நாளாகக் குறைக்கப்பட்டு, ஜூன் முதல் தேதி விசைப்படகுகள் கடலுக்குப் போக வழி பிறந்தது. கரையில் பணம் புழங்கத் தொடங்கியபின், ஆகஸ்டு முதல் தேதி வந்த பக்ரீதை எண்ணிச் சரக்கை அனுப்பினோம்.

அதிலும் ஓர் இடர். கரும்பச்சையில் ஒரு கொப்பரைச் சாயம் கெட்டியாகப் பிடிக்கவில்லை. சாயக்காரரே வந்து சொன்னார். முதல் மாதமாயிருந்தால் சொல்லியிருக்கமாட்டார் என்பது நம் எண்ணம். 1958-இல் சென்னைக் கட்டத்துணி அமெரிக்காவில் துவைத்ததும் சாயம் கலங்கி, வாங்கியவர்கள் முறையிட்டனர். பின்பு அக்கலக்கத்தையே சிறப்பாக விளம்பரம் செய்து விற்றனர். கெட்டிக்காரத்தனந்தான். ஆனால் வெள்ளைச் சட்டையோடு கைலி கட்டுபவரிடம் அது செல்லாது. அந்தக் கொப்பரை நூலில் நெய்தவற்றைத் தனியே பிரித்து, காரணம் சொல்லிக் குறைந்த விலைக்குக் கொடுத்தோம்.

கூலி விஷயத்தில் நாம் செய்த தவறு அதைவிடப் பெரிது. மாதிரி நெய்வது மெதுவான வேலை. நெய்து பார்ப்பதும் பிரிப்பதுமாகப் பொழுது போய்விடும். உருப்படிக் கணக்கில் கூலி கொடுத்தால் மாதிரி நெய்பவர் பட்டினி கிடக்க வேண்டியதுதான். நாட்கூலி தரத் தீர்மானம் எழுதுவதற்கு நாம் ஏழு வாரம் எடுத்துக்கொண்டோம். விதி தேடினோம், முன்மாதிரி தேடினோம். அதற்குள் முதியவர் இருவரில் ஒருவர் நூறுநாள் வேலைக்குப் போய்விட்டார். கட்டம் வரைந்த பெண்ணும் அவ்வாண்டு இறுதியில் திருப்பூருக்குச் சென்றார். கைவிட்ட இருபத்தாறு கட்டங்களைப் பற்றி நாம் அவரிடம் ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம். பிழை அவர் கணக்கில் இல்லை, நம் கணக்கில் என்று ஐவர் முன்னிலையில் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

முதியவர் தீர்மானம் நிறைவேறிய மறுவாரம் திரும்பி வந்தார். பக்ரீதுக்கு அனுப்பிய சரக்கில் பெரும்பகுதி விற்றது. ஊரடங்குக்கு முன் நெய்த வெள்ளைக் கட்டக் கைலிகளோ, நாம் பொறுப்பை ஒப்படைத்த நாளில் இரண்டு கட்டுகளாக அதே கிடங்கில் கிடந்தன. ஒப்படைப்புப் பட்டியலில் அவற்றையும் எண்ணி எழுதிக் கையொப்பமிட்டோம்.